ஆட்டத்துக்குள் ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரம் கட்டுகிற கேம், காலனி நடத்துகிற கேம், கால்பந்து அணியை நிர்வகிக்கிற கேம், அரச வம்சம் வளர்க்கிற கேம் என்று சிமுலேஷன் விளையாட்டுகள் பல வகை. ஆனால் அவற்றை ஆடுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஆட்டத்துக்குள் இருக்கும் ஆட்களை யார் உண்டாக்குகிறார்கள், செத்தால் யார் வருகிறார்கள், கணினி என்னை ஏமாற்றுகிறதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

இத்தனை ஆட்களையும் யாராவது உட்கார்ந்து எழுதுகிறார்களா, இல்லை கணினியே உண்டாக்குகிறதா?

பெரும்பாலும் இரண்டும் கலந்துதான். ஃபுட்பால் மேனேஜரில் தொடக்கத்தில் இருக்கும் வீரர்கள் நிஜ மனிதர்கள்; அவர்களுடைய திறன்களை ஆய்வாளர்கள் கையால் மதிப்பிட்டுத் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஆட்டம் ஆண்டுக்கணக்கில் நகர நகர, கணினி உண்டாக்கும் இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள். ஆடுகிறவர்கள் அவர்களை நியூஜென் என்பார்கள். அரச வம்சம் வளர்க்கிற குரூசேடர் கிங்ஸ் 3-ல் 867 அல்லது 1066-ஆம் ஆண்டில் தொடங்கும்போது பெரிய அரசர்கள் வரலாற்றிலிருந்து வந்தவர்கள். அரசவையின் மூலையில் நிற்கும் பெயர் தெரியாத மருத்துவரை அநேகமாகக் கணினிதான் அந்த நேரத்துக்கு உண்டாக்கியிருக்கும்.

மறுகோடியில் இருப்பது, குள்ளர்களின் கோட்டையை நடத்துகிற ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ். அங்கே கையால் எழுதிய ஆளே கிடையாது. நீங்கள் தொடங்குவதற்கு முன்பே உலகத்தின் வரலாற்றைப் பல ஆண்டுகளுக்கு ஓட்டிப் பார்க்கிறது. பிறப்பு, திருமணம், போர், சாவு எல்லாம் அப்போதே நடந்து முடிந்துவிடுகின்றன. உங்கள் கோட்டைக்கு வரும் ஒருவருக்கு, நீங்கள் பிறப்பிக்காத ஒரு கடந்தகாலம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரே ஒரு ஆளை உண்டாக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

முக்கியமான விஷயம் வரிசை. முதலில் வயதும் பாலினமும், அடுத்து பிறந்த இடம், அதைப் பொறுத்துப் பெயர், வயதைப் பொறுத்துத் தொழில், தொழிலைப் பொறுத்துத் திறன், கடைசியில் உறவுகள். வரிசை மாறினால் 17 வயதில் முப்பதாண்டு அனுபவமுள்ள அறுவை மருத்துவர் வந்து நிற்பார். காலனி நடத்துகிற ரிம்வேர்ல்ட் இதை நேர்த்தியாகச் செய்கிறது. ஒவ்வொருவருக்கும் இளமைக் கதை ஒன்று, பெரியவரான பிறகான கதை ஒன்று; இருபது வயது ஆகாதவருக்கு இரண்டாவது கதையே கிடையாது. திறன்கள் அந்தக் கதைகளிலிருந்து கூடுகின்றன, குறைகின்றன.

திறனுக்கான எண்ணை எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1 முதல் 20 வரை ஒரே குலுக்கலில் எடுத்தால் 20 வரவும் 10 வரவும் சம வாய்ப்பு. அதாவது ஊரில் இருபதில் ஒருவர் மேதை. அதனால் பல சிறு குலுக்கல்களைக் கூட்டுகிறார்கள். மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் மொத்தம் 216 வழிகள். 10 அல்லது 11 வருவதற்கு அவற்றில் 54 வழிகள், சரியாகக் கால் பங்கு. 18 வருவதற்கு ஒரே ஒரு வழி. நடுத்தரமானவர்கள் கூட்டமாகவும் அபூர்வமானவர்கள் அபூர்வமாகவும் அமைவது இப்படித்தான்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, பெயர்ப் பட்டியலில் கஞ்சத்தனமா?

சில நேரம் ஆம். ஆனால் பட்டியல் பெரியதாக இருந்தாலும் இது நடக்கும். 200 முதற்பெயர்கள், 300 குடும்பப்பெயர்கள் என்று வையுங்கள். 60,000 முழுப்பெயர்கள் கிடைக்கும். 300 பேர் வாழும் ஊருக்கு இது தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் 300 பேரில் 44,850 ஜோடிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஏதாவது ஒரு ஜோடிக்கு ஒரே முழுப்பெயர் அமையும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். நிஜத்தில் இருப்பதுபோல் சில பெயர்களை அதிகம் புழங்கவிட்டால் இன்னும் கூடும். உண்மையான ஊர்களிலும் ஒரே பெயரில் இருவர் இருக்கத்தானே செய்கிறார்கள்? இதைக் குறையாக நான் எண்ணுவதில்லை.

திரையில் ஒரு லட்சம் பேர் என்று காட்டுகிறது. அவ்வளவு பேரும் நிஜமாகவே உள்ளே இருக்கிறார்களா?

கேமுக்கு கேம் மாறும். 2015-இல் வந்த, நகரம் கட்டுகிற சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் குடிமக்களுக்கான பதிவேடு 10,48,576 பேர்வரை கொள்ளும். ஆனால் ஒரே நேரத்தில் தெருவில் நடமாடக்கூடியவர்கள் 65,536 பேர்தான். (இரண்டும் இரண்டின் அடுக்குகள். கணினிக்கு வசதியான எண்கள் இப்படித்தான் வந்து விழும்.) மற்றவர்கள் பதிவேட்டில் வயதோடும் வீட்டோடும் இருக்கிறார்கள், தெருவில்தான் இல்லை. 2013-இன் சிம்சிட்டி வேறு வழியில் போனது. நகரம் வளர வளர, திரையில் காட்டும் மக்கள்தொகை உள்ளே உண்மையில் நடமாடுகிறவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரிதாக ஊதிக் காட்டப்பட்டது. ஆடியவர்கள் கண்டுபிடித்துக் கொந்தளித்தார்கள், நியாயமான கொந்தளிப்புதான்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் முக்கியமானவர்களை வரலாற்று நபர்களாகத் தனித்தனியே பதிந்துகொண்டு, மீதிப் பேரை ஊர்வாரியாக வெறும் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது. வாட்ச் டாக்ஸ்: லீஜியன், 2020-இல், இன்னும் ஒரு படி போனது. தெருவில் போகிற எவரையும் உங்கள் குழுவில் சேர்க்கலாம். ஆனால் நீங்கள் கவனிக்கும்வரை அவர் வெறும் உருவம். நீங்கள் பார்த்த பிறகே அவருக்கு வேலையும் வருமானமும் உறவுகளும் நாளின் அட்டவணையும் உண்டாகின்றன. ஏமாற்று என்று சொல்லலாம். ஆனால் ஒருமுறை உண்டாக்கியதை மறுபடி மாற்றாமல் காப்பாற்றினால் அது நேர்மையான ஏமாற்று. நேற்று தட்டச்சராக இருந்தவர் இன்று மாலுமியாக வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

செத்தவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் பதிலாக ஆட்கள் எப்படி வருகிறார்கள்?

ஏரிக்கு வரத்தும் போக்கும் உள்ளதுபோல்தான் இதுவும். வரத்துக்கு மூன்று வாய்க்கால்கள். ஒன்று, உள்ளேயே பிறப்பது. இரண்டு, வெளியிலிருந்து குடியேறுவது. மூன்று, தேதி வந்தால் காற்றிலிருந்து உண்டாவது.

ஃபுட்பால் மேனேஜர் மூன்றாவது வகை. ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுக்கொருமுறை, அதற்கென்று குறித்த காலத்தில், கிளப்புகளுக்கு இளைஞர் கூட்டம் வந்து இறங்கும். அந்த நாட்டின் இளைஞர் தரம், கிளப்பின் ஆள்தேடும் வலை, இளையோர் பயிற்சியின் தரம், இளைஞர் பிரிவுத் தலைவரின் குணம் எல்லாம் அவர்களைத் தீர்மானிக்கும். இதன் மூதாதையான சாம்பியன்ஷிப் மேனேஜரில் முறை வேறு. ஒரு நல்ல வீரர் ஓய்வுபெற்றால் அவருடைய திறன்களை ஒட்டியே ஓர் இளைஞர் மறுபிறவி எடுப்பார். ரீஜென் என்ற பழைய பெயர் அதிலிருந்து வந்ததுதான். எண்ணிக்கையும் தரமும் எப்போதும் மாறாதிருக்க அது எளிய வழி. ஆனால் எந்த நட்சத்திரம் எப்போது ஓய்வுபெறுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்து, அவருடைய மறுபிறவியை மலிவாக வளைத்துப்போடுகிற கூட்டம் கிளம்பிவிட்டது.

2014-இன் ஷேடோ ஆஃப் மோர்டோர் காலியிடத்தை வைத்து யோசிக்கிறது. ஓர்க் என்ற அரக்க இனத்தின் தளபதி ஒருவர் இறந்தால் அந்தப் பதவி காலியாகும், கீழேயிருந்து ஒருவர் ஏறுவார். உங்களைக் கொன்ற சாதாரணச் சிப்பாய்கூடத் தளபதியாகலாம். அழகான ஏற்பாடு. அதற்கு 2021-இல் காப்புரிமை வாங்கிப் பூட்டிவைத்தார்கள் என்பது தனி வருத்தம்.

வருடத்துக்கு எத்தனை புதியவர்கள் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தேதி பார்த்து ஆள் இறக்குகிற கேமில் கணக்கு எளிது. 20 அணிகள், அணிக்கு 25 பேர், மொத்தம் 500. ஒருவர் சராசரியாக 15 ஆண்டுகள் ஆடினால் ஆண்டுக்கு 33 பேர் வெளியேறுவார்கள். இளைஞர்களில் மூவரில் ஒருவர்தான் முதல் அணிவரை தேறுவார் என்றால் 100 பேரை இறக்க வேண்டும். கணக்குத் தவறித் தேறுகிறவர்கள் 30 ஆகிவிட்டாலும் உலகம் அழியாது. 500 மெல்ல இறங்கி 450-இல் வந்து நின்றுவிடும்.

பிறப்பை நம்பிய கேமில் நிலைமையே வேறு. அங்கே வரத்து இருப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிடப் பத்து சதவீதம் பெரிதானால் 100 பேர் பத்துத் தலைமுறையில் 259 பேர். பத்து சதவீதம் சிறிதானால் 35 பேர். தானாக நடுவில் நிற்கிற புள்ளியே கிடையாது. அதனால்தான் இத்தகைய கேம்களில் எங்கோ ஒரு கடிவாளம் இருக்கும். ஊர் கட்டுகிற, 2014-இன் பேனிஷ்டில் வீடுதான் கடிவாளம். காலி வீடு இருந்தால்தான் இளையவர்கள் ஜோடி சேர்ந்து தனிக்குடித்தனம் போவார்கள். வீடு இல்லையென்றால் பெற்றோருடனேயே தங்கி வயதாகிப்போவார்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் மக்கள்தொகைக்கு உச்சவரம்பு, பொதுவாக 200; அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

ஊர் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் செத்துப்போனார்கள். நோயா, பிழையா?

இரண்டும் இல்லை, இது நீங்கள் செய்தது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் இதற்கு மரண அலை என்றே பெயர். பெரிய குடியிருப்புப் பகுதி ஒன்றை ஒரே மூச்சில் திறக்கிறீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஏறக்குறைய ஒரே வயதில் குடிவருகிறார்கள். சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள், சேர்ந்தே கிழவர்களாகிறார்கள், சேர்ந்தே சாகிறார்கள். பிணவண்டிகள் சாலையை அடைத்துக்கொள்கின்றன. காலியான வீடுகளில் மறுபடி ஒரே வயதுக் கூட்டம் குடியேற, அடுத்த அலைக்கு விதை விழுந்துவிடும்.

பேனிஷ்டில் இதே கதை தலைகீழாக நடக்கும். சில ஆண்டுகள் வீடு கட்டாமல் விட்டீர்களானால் அந்த ஆண்டுகளில் பிள்ளைகளே பிறந்திருக்க மாட்டார்கள். பாதிப்பு உடனே தெரியாது. வயல் வேலைக்கு ஆள் வேண்டிய காலத்தில், முதியவர்களும் கைக்குழந்தைகளும் மட்டும் இருப்பார்கள், நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். பலர் உணவுப் பற்றாக்குறை என்று நினைத்துக் களஞ்சியம் கட்டுவார்கள். தவறு பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டிருக்கும். இரண்டு கேமுக்கும் மருந்து ஒன்றே. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் கட்டுங்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட வயதுவாரியான பங்கைப் பாருங்கள்.

அப்பா அம்மாவின் திறமை பிள்ளைக்கு வருமா?

வரும், எப்படி வரும் என்பதில்தான் கேம்கள் சறுக்குகின்றன. முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, இருவரின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அப்பாவுக்கு 16, அம்மாவுக்கு 8, பிள்ளைக்கு 12. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இப்படிச் சராசரி எடுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் மக்களிடையே உள்ள பரவல், புள்ளியியலில் மாறுபாடு என்பார்களே அது, பாதியாகிறது. ஐந்து தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. மேதையும் இல்லை, மடையனும் இல்லை, எல்லோரும் 12. டார்வின் காலத்தில் பரம்பரையை இரண்டு சாயங்கள் கலப்பதுபோல் நினைத்திருந்தவர்களை ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் 1867-இல் மடக்கியதும் இதே சிக்கலை வைத்துத்தான். தீர்வு, சராசரியோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு குலுக்கல் சேர்ப்பது. அல்லது மெண்டல் வழியில் பண்புகளைக் கலக்காமல் துண்டுகளாகக் கடத்துவது.

குரூசேடர் கிங்ஸ் 3 அறிவுக்கூர்மை, உடல்வலிமை, அழகு போன்ற பரம்பரைப் பண்புகளைத் துண்டுகளாகவே கடத்துகிறது. முகத்துக்கும் தனி மரபணுத் தொடர் உண்டு. 1996-இலேயே கிரியேச்சர்ஸ் என்ற கேமில் ஸ்டீவ் கிராண்ட் நார்ன் என்ற பிராணிகளுக்கு முழு மரபணுத்தொகுதியே கொடுத்தார். அது கடத்தியது மூளையையும் உடல் வேதியியலையும். இன்றுவரை பெரிய நிறுவனங்கள் அந்த அளவுக்குத் துணிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நன்றாக ஆளப்பட்ட வம்சங்கள்கூட காரணமே இல்லாமல் அழிகின்றனவே?

காரணம் இருக்கிறது, அது வெறும் தற்செயல். ஒவ்வொருவருக்கும் ஆண்வழி வாரிசு இல்லாதிருக்க கால் வாய்ப்பு, ஒன்று இருக்கப் பாதி வாய்ப்பு, இரண்டு இருக்கக் கால் வாய்ப்பு என்று கொள்ளுங்கள். சராசரி சரியாக ஒன்று; மொத்த எண்ணிக்கை சராசரியில் குறையாது. ஆனாலும் முதல் தலைமுறையிலேயே கால்பங்கு வம்சங்கள் காலி. மூன்றாவதில் 48 சதவீதம், ஐந்தாவதில் 60 சதவீதம். மிஞ்சிய வம்சங்கள் வீங்கிப்போவதால் ஊர்க் கணக்கு மட்டும் நேராகிவிடுகிறது. கால்டன், வாட்சன் என்ற இரண்டு அறிஞர்கள் 1874-இல் குடும்பப்பெயர்கள் மறைவதைப் பற்றி எழுதிய கணக்கு இது. பெண்வழி வாரிசையும் அனுமதிக்கும் சட்டத்தை உங்கள் நாட்டில் கொண்டுவந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

எனக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் யாரும் வருவதில்லை. கணினி வேண்டுமென்றே செய்கிறதா?

சில கேம்களில், ஆம். ரிம்வேர்ல்டில் கதைசொல்லி என்ற ஒரு பகுதி உங்கள் காலனியின் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆட்கள் குறைவாக இருந்தால் அகதிகளும் வழிப்போக்கர்களும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். நிறைய இருந்தால் குறையும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, படையெடுத்து வந்த எதிரி அடிபட்டு விழும்போது மயங்கிக் கிடப்பதா, அங்கேயே சாவதா என்பதிலும் அதே தலைக்கணக்கின் கை இருக்கிறது. மயங்கியவரைச் சிறைபிடித்து ஆளாக்கிக்கொள்ளலாம், செத்தவரை முடியாது. கூட்டம் பெருத்த காலனியில் எதிரிகள் பொட்டென்று உயிர்விடுவது உங்கள் குறியின் பெருமை மட்டும் அல்ல.

இதை மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உச்சவரம்பு இருந்தால் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்போல் அமைப்பிலேயே வெளிப்படையாக வைத்துவிடலாம்.

நான் துரத்திவிட்ட ஆள் இப்போது எங்கே இருக்கிறார்?

இரண்டில் ஒன்று. பின்னணியில் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறார், அல்லது அழிக்கப்பட்டுவிட்டார். எல்லோரையும் என்றென்றைக்கும் வைத்திருந்தால் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்பு வீங்கும், ஆட்டம் ஊர்ந்து போகும். அதனால் களையெடுப்பு உண்டு. ரிம்வேர்ல்ட் வரைபடத்துக்கு வெளியே போனவர்களை அவ்வப்போது சலித்து, உங்கள் ஆட்களோடு உறவோ வேறு தொடர்போ இல்லாதவர்களை நீக்குகிறது. குரூசேடர் கிங்ஸ் 3 முக்கியமில்லாத இறந்தவர்களைத் தூக்கிவிடுகிறது. த சிம்ஸ் 4-இல் உலகத்தின் ஆட்களுக்கு நீங்களே வரம்பு வைக்கலாம். அந்த வரம்பைத் தாண்டினால் வீடில்லாதவர்கள் முதலில் போவார்கள்.

யார் முக்கியம் என்று முடிவுசெய்வதுதான் கடினம். இறந்துபோன பாட்டி இப்போது யாருக்கும் தேவையில்லை என்று நீக்கினால், பேத்தியின் குடும்ப மரத்தில் ஓட்டை விழும். இரண்டு பேர் உடன்பிறந்தவர்கள் என்பதே கேமுக்கு மறந்துபோகலாம். உங்களுக்குப் பிடித்த ஒருவர் மறையாதிருக்க வேண்டுமானால், வீடு கொடுங்கள் அல்லது யாருடனாவது உறவு முடிச்சுப் போட்டு வையுங்கள்.

இருபது வருடம் ஆடிய பிறகு வீரர்கள் எல்லோரும் சப்பென்று இருக்கிறார்கள். என் கற்பனையா?

கற்பனை என்று சொல்லிவிட முடியாது. முதல் கேள்வியில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்து நட்சத்திரங்களை மனிதர்கள் மதிப்பிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து அனைவருமே சூத்திரத்தின் பிள்ளைகள். ஃபுட்பால் மேனேஜரில் இன்றைய திறனுக்கும் எட்டக்கூடிய உச்சத்துக்கும் 200 வரையிலான அளவுகோல் இருக்கிறது. இரண்டு கூட்டத்தின் சராசரியும் பொருந்தினாலும், உச்சியில் இருக்கும் நூறு பேர் பொருந்தாமல் போகலாம். ரசிகன் பார்ப்பது அந்த நூறு பேரைத்தான். தவிர, உச்சம் பெரிதாக இருந்தும் பயிற்சியும் ஆட்டநேரமும் கிடைக்காமல் பாதியில் நின்றுபோகிறவர்களும் அதிகம்.

நல்ல ஆள் வரும்வரை சேவ் கோப்பைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் என்ன?

பலிக்கும், பலிக்காது. குலுக்கலுக்கான ரேண்டம் எண்ணின் நிலையையும் சேர்த்துச் சேமிக்கிற கேமில் எத்தனை தடவை ஏற்றினாலும் அதே ஆள்தான் வருவார். 2012-இன் எக்ஸ்காம்: எனிமி அன்னோன் சண்டையில் குண்டு படுமா என்பதற்கு அப்படித்தான் செய்தது, வேறு செயலை முன்னால் செய்தால்தான் முடிவு மாறும். நிலையைச் சேமிக்காத கேமில், ஆள் எந்தக் கணத்தில் உண்டாகிறார் என்பதே கேள்வி. அந்தக் கணத்துக்கு முன்பான சேவ் இருந்தால் மாறுவார், பின்பானதாக இருந்தால் மாறமாட்டார். திரையில் அவர் தோன்றும் நேரமும் உண்டாகும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சொந்தமாக இப்படியொரு கேம் எழுதுகிறேன். முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

ஆடுகிறவரே இல்லாமல் 200 ஆண்டுகள் ஓட்டிப் பாருங்கள், வேறு வேறு விதை எண்களோடு (குலுக்கல்கள் தொடங்கும் எண்கள்) பலமுறை. ஒவ்வோர் ஆண்டும் மொத்த எண்ணிக்கை, பிறப்பு, இறப்பு, வயதுவாரிப் பங்கு, உச்சத்து பத்துப் பேரின் திறன் ஆகியவற்றைக் கோப்பில் எழுதுங்கள். தொடக்க மக்களுக்கு எல்லா வயதிலும் ஆள் வையுங்கள். முப்பது வயதுக்காரர்களை மட்டும் வைத்துத் தொடங்கினால் மரண அலையை நீங்களே கட்டிக்கொடுத்ததாகும். சிறிய ஊர் என்றால் பாலினத்தை நாணயம் சுண்டுவதற்கு மட்டும் விடாதீர்கள். எட்டுக் குழந்தைகளும் ஒரே பாலாகப் பிறக்க 128-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆயிரம் பேர் ஆடினால் ஏழெட்டுப் பேரின் ஊர் அதிலேயே முடிந்துவிடும், அவர்கள் அத்தனை பேரும் உங்களுக்குத்தான் எழுதுவார்கள்.